தோரா பால் குடித்தாள் என்று ஒரு வரி

நோர்பி, 9 ஜனவரி 1979

மாரென்,

நீ பக்கத்துப் பண்ணை ஐனரின் டிராக்டரில் ஏறிப்போய் இன்றோடு ஆறு நாள். உனக்கென்று போட்டு வைத்த காப்பி மேஜையிலேயே ஆறிப்போனது. பெற்ற தகப்பனிடம் போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்புகிற பழக்கத்தை நானோ உன் அம்மாவோ உனக்குச் சொல்லித் தரவில்லை. குழந்தையின் தள்ளுவண்டி இங்கேயே நிற்கிறது. பனியைக் குடைந்து வழி செய்து அதை மாட்டுக்கொட்டிலின் சுவரோரம் நிறுத்தியிருக்கிறேன்.

இதைத் தொலைபேசியில் பேச மாட்டேன். அதில் நீ பாதியில் குறுக்கே பாய்வாய், இல்லையென்றால் வைத்துவிடுவாய். காகிதத்தில் அது நடக்காது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஆண்டின் கடைசி நாள். சாலை மூடிக் கிடந்தது. தொலைபேசிக் கம்பி அறுந்திருந்தது. மருத்துவர் இருப்பது பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி. தோராவுக்கு ஆறு வாரம், மூக்கு முழுதாக அடைத்திருந்தது. அந்த வயதில் வாயால் மூச்சு விடத் தெரியாது. மார்பைப் பிடித்தால் மூச்சு முட்டியது, மூச்சு இழுத்தால் மார்பு நழுவியது. காலையிலிருந்து அவள் விழுங்கியது மொத்தம் நான்கு வாய். நான் எண்ணினேன். இரண்டு நாள் கண் மூடாமல் இருந்த நீ பிற்பகல் மூன்று மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாய்.

நாலரைக்குக் கறக்கும் நேரம். மின்சாரம் இல்லாததால் பம்பை டிராக்டரோடு இணைத்து ஓட்டினேன். கறவை இயந்திரத்தின் உறிஞ்சு குழாயில் கன்றுக்கு மருந்து ஊற்றுகிற மெல்லிய ரப்பர் குழாயை மாட்டினேன். அதன் நுனியில் சொட்டு மருந்துக் கண்ணாடிக் குழல், முனையைத் தீயில் காட்டி மழுக்கியது. மாட்டுக்கு வைக்கிற அழுத்தத்தில் பாதிக்கும் கீழே இறக்கினேன். முதலில் என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். பிறகு என் மூக்கில், மூன்று முறை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, எப்போதும் போல மாட்டு மடிக்குப் போடும் கற்பூரக் களிம்பைத் தேய்த்து மிருதுவாக்கிக்கொண்டுதான் அவளைத் தூக்கினேன். குளிரில் வெடித்த கை குழந்தையின் தோலைக் கீறக்கூடாது என்று. இதையெல்லாம் யோசித்துச் செய்தவனைத்தான் நீ பைத்தியம் என்றாய்.

மூக்கின் இரண்டு துளையிலும் குழலை வைத்து இழுத்தேன், சளி வந்தது. ஒரு தேக்கரண்டி இருக்கும். கடைசியில் ஊசிமுனை அளவு இரத்தம். நீ வந்து நின்றபோது கண்ணில் பட்டது அது ஒன்றுதான். ஆனால் அதற்கப்புறம் நடந்ததை நீ பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. நடந்தது உன் மடியில். அவள் குடித்தாள்.

ஞானஸ்நான அங்கியை அனுப்பச் சொன்னதாக ஐனர் சொன்னான். அது உன் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. அதை உடுத்தித்தான் என்னைத் தேவாலயத்துக்குத் தூக்கிப்போனார்கள், உன்னையும். நீ ஒரே ஒரு வரி எழுது: 'தோரா பால் குடித்தாள்.' மன்னிப்பு வேண்டாம், நன்றியும் வேண்டாம். அந்த வரி வந்த மறுநாள் அங்கி வரும்.

உன் அப்பா
கிரெஸ்தன்


ஆர்ஹஸ், 17 ஜனவரி

அப்பா,

உங்கள் கடிதத்தை தோராவை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். அழுதுகொண்டே படித்தேன். அன்று முழுக்க அவளுக்கும் மூக்கு ஒழுகியது. இருவருமாக ஒரு துண்டை நனைத்தோம்.

நீங்கள் வரிசையாக எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நான் கண் விழித்தபோது தொட்டில் காலியாக இருந்தது. அதை எழுத உங்களுக்குத் தோன்றவில்லை. போர்வை இன்னும் சூடாக இருந்தது. காலுறையோடு பனியில் ஓடினேன். கொட்டிலில் இயந்திரம் தட் தட் என்று அடித்துக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே நின்றபோது உங்கள் குரல் கேட்டது. லீஸ் முதல் கன்று போட்ட அன்று அவளிடம் பேசினீர்களே, அதே குரல்.

"பொறு தங்கம், பொறு. இதோ ஆச்சு. உங்கம்மா வந்து கத்துவா. கத்தட்டும்."

கத்தட்டும் என்று சொன்னீர்கள், அப்பா. அதாவது நான் வேண்டாம் என்பேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் நான் தூங்கும்வரை காத்திருந்தீர்கள். எனக்குக் கோபம் இயந்திரத்தின் மேல் இல்லை. ஒரே ஒரு முறை தோளைத் தொட்டு எழுப்பி, 'மாரென், இப்படிச் செய்யப்போகிறேன், நீ வந்து அவள் தலையைப் பிடித்துக்கொள்' என்று சொல்லியிருக்கலாம். அம்மாவைக் கொண்டுபோன நோயைப் பற்றி மருத்துவர் சொன்னதையும் அம்மாவிடம் சொல்லாமல் உங்கள் சட்டைப் பையிலேயே நான்கு மாதம் வைத்திருந்தீர்கள். இந்த வீட்டுப் பெண்களிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

எடை பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸ் ஊல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்கப்பா செஞ்சது தப்புன்னு நான் சொல்லணும், சொல்றேன். தப்புதான். ஆனா எங்கப்பாவும் பண்ணைக்காரர். அவரா இருந்தா டிராக்டரையே மூக்குல மாட்டியிருப்பார்" என்றார்.

பிறகு என் சமையலறையிலேயே செய்து காட்டினார். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு. பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு. சளி இளகும்வரை தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சின்ன ரப்பர் பந்தை வெளியிலேயே அமுக்கிப் பிடித்து, துளையின் வாசலில் வைத்து, மெதுவாக விட வேண்டும். ஒரு நாளில் மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்சினால் உள்ளே வீங்கி இன்னும் அடைக்குமாம். அறையில் ஈரத்துணி காயப்போடச் சொன்னார். குடிக்கவே முடியாமல் போனாலோ, மூச்சுக்கு விலா உள்ளே இழுத்தாலோ வீட்டு வைத்தியம் கூடாது, நேரே மருத்துவமனை.

உங்கள் இயந்திரம் குணப்படுத்தியதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அன்று மாலையிலிருந்து அவளை அந்தத் தொட்டிலில் போடவே இல்லை. மாடியறையில் என் பக்கத்திலேயே கிடத்தி, உள்ளே தாழ் போட்டுக்கொண்டேன். இரண்டு நாளில் மூச்சு தானாகச் சீரானது.

ஞானஸ்நானம் மார்ச் 25, ஞாயிறு. குழந்தையை யார் தூக்கி வருவார்கள் என்று பாதிரியார் கேட்டார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் உங்கள் பெயரைச் சொல்லியிருப்பேன். இப்போது அந்த இடத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன். பவுல் ஒன்றும் சொல்லவில்லை. என் கணவர் உங்களைப் போல இல்லை, கேட்டால்தான் சொல்வார்.

நீங்கள் கேட்ட வரியை எழுத மாட்டேன். ஓர் அங்கியைப் பிடித்து வைத்துக்கொண்டு வாங்குகிற வரி எதற்கு?

மாரென்


நோர்பி, 29 ஜனவரி

மாரென்,

கடலிலிருந்து நாலு கிலோமீட்டரில் பிறந்து வளர்ந்தவனுக்கு உப்புத் தண்ணீரைப் பற்றி ஆர்ஹஸ் நகரத்திலிருந்து பாடம் வந்திருக்கிறது. சரி. படித்தேன்.

நான் ஏழு வருடம் பள்ளிக்கூடம் போனவன், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மாட்டு வைத்தியப் புத்தகத்தை நானே வாங்கி, புரியாத சொல்லுக்கெல்லாம் ஓரத்தில் கோடு போட்டு, ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து படித்தவன். இந்தப் பக்கத்தில் பிறக்கும்போது கன்று குறுக்கே மாட்டிக்கொண்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவதற்கு முன் என்னைக் கூப்பிடுகிறார்கள். உன் ஊல்லாவின் அப்பா டிராக்டரை மாட்டியிருப்பாராம். மாட்டியிருக்கட்டும். நான் அழுத்தமானியைப் பார்த்துச் செய்தவன்.

ரப்பர் பந்து கையால் அமுக்குவது. ஒரு முறை பலமாக இழுக்கும், ஒரு முறை இழுக்காது. என் இயந்திரம் ஒரே அளவாக இழுக்கும். இதில் எது மேல் என்று அந்த நர்ஸிடமே கேள்.

உன்னை எழுப்பவில்லை என்பது உண்மை. எழுப்பியிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய். விட்டிருக்காவிட்டால் அவள் குடித்திருக்க மாட்டாள். இதில் எந்த இடத்தில் நான் தவறினேன் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மாவைப் பற்றி எழுதினாய். அந்த நான்கு மாதமும் அவள் தோட்டத்தில் உருளைக்கிழங்கு போட்டாள். எடுக்கவும் செய்தாள். தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டாள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அங்கியைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவன் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம். நாளைக் காலை தபால்காரன் விகோ வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். உன் அம்மா எப்படி மடித்து வைப்பாளோ அப்படியே மடித்திருக்கிறேன். பூச்சி அரிக்காமல் மடிப்புக்கு மடிப்பு கற்பூரக் கட்டி. இருபத்தேழு வருடமாகப் பெட்டியில் கிடந்தும் ஒரு ஓட்டை இல்லை, பார்த்துக்கொள்.

யார் வேண்டுமானாலும் தூக்கட்டும். பவுலின் அக்காவுக்கு நல்ல உயரம்.

நீ எழுதாத அந்த வரியை நான் மறக்கவில்லை.

கிரெஸ்தன்


ஆர்ஹஸ், 6 பிப்ரவரி

அப்பா,

பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. சமையலறை மேஜையில் வைத்துப் பிரித்தேன். நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அங்கியை தோராவுக்கு மாட்டினேன். கழுத்துப் பட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் முகத்தைச் சுளித்தாள். இரண்டு முறை தும்மினாள். பிறகு உடம்பு விறைத்தது. மூச்சு நின்றுவிட்டது. வாயைச் சுற்றி நீலம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எண்ணுகிற ஆள் நான் இல்லை. பவுல் அங்கியை உருவி எறிந்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினார். குளிர்காற்று பட்டதும் அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை, இனி கேட்க வேண்டாம்.

மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தோம். நேற்று வீட்டுக்கு வந்தோம். நன்றாக இருக்கிறாள்.

அங்கே இளம் மருத்துவர் ஒருவர் என்னைக் கேட்டார்: "வீட்ல கற்பூரம், புதினா எண்ணெய், நெஞ்சுல தடவுற தைலம், இப்படி ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"இல்லையே" என்றேன்.

"நல்லா யோசிங்க. பெரியவங்களுக்கு அது மூக்கைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். இவ்வளவு சின்னதுங்களுக்கு நேர்மாறு. தொண்டை இறுகும், மூச்சே நின்னுடும். குறைவா பட்டாலும் மூக்குக்குள்ள எரிச்சலாகி சளி கட்டும்."

அப்போதுதான் மேஜையின் மேல் கிடந்த கட்டிகள் நினைவுக்கு வந்தன. அதற்குப் பின்னால் உங்கள் கை வந்தது, அப்பா. உங்கள் கையின் வாசனை. சின்ன வயதிலிருந்து எனக்கு அதுதான் அப்பாவின் வாசனை, அதனால் அதை வாசனையாகவே நான் நினைத்ததில்லை. நீங்கள் எழுதிய முதல் கடிதத்தை மடியில் குழந்தையோடு படித்தேனே, அன்றும் அவளுக்கு மூக்கு ஒழுகியது. நேற்று அந்தக் கடிதத்தை எடுத்து முகர்ந்தேன். இன்னும் அடிக்கிறது. இரண்டு கடிதங்களையும் தகர டப்பாவில் போட்டு வீட்டுக்கு வெளியே மாடிப்படியில் வைத்துவிட்டேன்.

ஒரு கேள்வி. மருத்துவரும் கேட்டார், நானும் கேட்கிறேன். கிறிஸ்துமஸ் நாட்களில் அந்தக் களிம்பை உங்கள் கையைத் தவிர வேறெங்காவது வைத்தீர்களா? அவள் தொட்டிலில்? தலையணையில்?

யார் சரி என்று எழுதாதீர்கள். ஆம் அல்லது இல்லை. அது மட்டும் போதும்.

மாரென்


ஆர்ஹஸ், 24 பிப்ரவரி

அப்பா,

பதினெட்டு நாள் ஆகிறது. மறுபடியும் பனி மூடியது, தபால் நின்றது என்பது தெரியும். ஆனால் கடந்த வாரம் சாலை திறந்துவிட்டது. உங்கள் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் ஐனருக்குப் போன் செய்தேன்.

"உங்கப்பா உயிரோடதான் இருக்கார். ஆனா என்னமோ ஆயிருச்சு. கடையில சலவை சோப்பு ஆறு கட்டி வாங்கிட்டுப் போனாரு. கல்யாணமான்னு கடைக்காரம்மா கேட்டாங்க. பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் பதில் எழுதாததே எனக்குப் பதில் என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பால்கனியில் மூன்று வாரம் தொங்கியும் வாசனை போகவில்லை. என் வீட்டில் அதை வைத்துக்கொள்ள முடியாது. கடையில் வெள்ளையாக ஒன்று வாங்கிக்கொள்கிறேன். பாதிரியாருக்கு வரும் பதினைந்துக்குள் பெயர் சொல்ல வேண்டும். பவுலின் அக்காவைக் கேட்கப்போகிறேன்.

உங்களோடு சண்டை போட்டால் நீங்கள் எப்போதும் திருப்பி எழுதுவீர்கள். எனக்கு இந்த மௌனம் பழக்கமில்லை.

மாரென்


நோர்பி, 3 மார்ச்

மாரென்,

ஆம்.

அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. பனி காரணமில்லை.

இந்தக் காகிதம் கடையில் புதிதாக வாங்கியது. ஐனரின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் காகிதமெல்லாம் களிம்பு டப்பா இருந்த இழுப்பறையில் இருந்தது, அடுப்பில் போட்டுவிட்டேன். பயப்படாமல் பிரித்திருப்பாய் என்று நினைக்கிறேன். பயந்தால் மாடிப்படியில் வைத்தே படி.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிற்பகல். ஐனரின் பேரப்பிள்ளைகள் வந்து கொஞ்சிவிட்டுப் போன பிறகு தோராவுக்கு லேசாக மூக்கு ஒழுகியது. அது வெறும் சளி. நான்கு நாளில் போயிருக்கும். எனக்குச் சளி பிடித்தால் களிம்பை மூக்கடியில் தடவிக்கொள்வேன், திறந்துவிடும். என் மூக்கு திறந்தது, ஆகவே எல்லா மூக்கும் திறக்கும் என்று முடிவு கட்டினேன். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கற்றது. ஒரு பட்டாணி அளவு எடுத்துத் தொட்டிலின் தலைப் பக்கத்து மரத்திலும் தலையணை ஓரத்திலும் தடவினேன். நீ அடுப்படியில் இருந்தாய். உன்னிடம் கேட்கவில்லை.

மறுநாள் கொஞ்சம் அதிகமாக அடைத்தது. ஆகவே கொஞ்சம் அதிகமாகத் தடவினேன். அதற்கு மறுநாளும். ஐந்து நாள். அடைக்க அடைக்க நான் தடவினேன். நான் தடவத் தடவ அடைத்தது. கடைசி நாள் அவள் நான்கு வாய்தான் விழுங்கினாள் என்று எண்ணிச் சொன்னேனே, அந்தக் கணக்கை உண்டாக்கியவனும் நான்தான்.

உன் கேள்வி வந்த அன்று மாட்டு வைத்தியப் புத்தகத்தை எடுத்தேன். கற்பூரம் என்ற சொல் வரும் பக்கங்களையெல்லாம் மூன்று முறை படித்தேன். குழந்தை என்ற சொல் அதில் எங்கும் இல்லை. இல்லாததை இருப்பதாகப் படித்தவன் நான். பிறகு டப்பாவின் மூடியில் இருந்த அழுக்கைச் சுரண்டினேன். 'மாட்டின் மடிக்கு மட்டும்' என்று அச்சடித்திருந்தது. முப்பது வருடமாக அந்த மூடியைத் திறந்து மூடுகிறேன்.

இயந்திரத்தைப் பற்றி நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். அது சளியை எடுத்தது. ஆனால் அவளைத் தேற்றியது அது இல்லை. நீ அவளைத் தொட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்த் தாழ் போட்டாயே, அதுதான். உனக்கே தெரியாமல் நீ செய்தது சரி. எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் செய்தது தவறு. இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஐனரின் விறகைக் கொஞ்சம் பிளந்து போட்டுவிட்டு வந்தேன். அவன் கேட்கவில்லை.

பிப்ரவரி 8 முதல் களிம்பைத் தொடவில்லை. டப்பாவைக் கொட்டிலுக்குப் பின்னால் புதைத்தேன். தொட்டிலை ஆறு முறை தேய்த்துக் கழுவினேன். தலையணையை எரித்தேன். வீட்டுத் தரை, கதவுப் பிடிகள், நாற்காலிக் கைகள், நான் கை வைக்கிற இடமெல்லாம் கழுவினேன். தள்ளுவண்டி வெளியில்தான் நின்றது, அதில் வாசனை இல்லை.

கைகள் வெடித்துவிட்டன. கட்டைவிரல் இரண்டு பக்கமும் பிளந்திருக்கிறது. லீஸின் மடியைத் தொட்டால் காலைத் தூக்குகிறாள், பத்து வருடத்தில் செய்யாதவள். ஐனர் இங்கே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கிரெஸ்தா, அந்தக் கையில கேரட் துருவலாம்டா" என்கிறான். எழுதும்போது தாளில் ஓரிடத்தில் சிவப்பாகப் பட்டிருக்கிறது. அது இரத்தம். வேறொன்றும் இல்லை.

அங்கி வந்து சேர்ந்தது. மூன்று முறை துவைத்தேன். கடலைப் பார்த்த கொடியில் போட்டிருக்கிறேன். ஆர்ஹஸ் காற்று காற்றே இல்லை. நீ கடையில் வாங்கியிருந்தால் வாங்கியதாகவே இருக்கட்டும். இது எனக்காகத் தொங்குகிறது.

உன்னை எழுப்பியிருக்க வேண்டும். டிசம்பர் 31 அன்று இல்லை. 26 அன்று அடுப்படிக்கு வந்து கேட்டிருக்க வேண்டும்.

கிரெஸ்தன்


ஆர்ஹஸ், 9 மார்ச்

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை முதலில் மாடிப்படிக்குத்தான் எடுத்துப் போனேன். முகர்ந்தேன். காகிதம், கொஞ்சம் அடுப்புப் புகை, ஐனர் வீட்டு வெங்காயம். திரும்ப உள்ளே வந்து தோராவை மடியில் போட்டுக்கொண்டு படித்தேன். ஒரு மூலையைப் பிடித்து வாயில் வைத்துவிட்டாள், அதனால் 'லீஸ்' என்ற சொல் இப்போது இல்லை. மூக்கு காய்ந்துதான் இருக்கிறது.

நான் உங்கள் மேல் கோபமாக இல்லை என்று எழுத வந்தேன். அது முழு உண்மை இல்லை. ஐந்து நாள் என்று படித்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அறையைச் சுற்றி நடந்தேன். அவள் வாயைச் சுற்றி வந்த நீலம் எனக்கு இன்னும் தெரிகிறது. நர்ஸ் ஊல்லாவிடம் படித்துக் காட்டினேன். அவர் எடைத் தராசை மடக்கிக்கொண்டே சொன்னார்:

"வருஷத்துக்குப் பத்து வீடு பார்க்கிறேன், இதே கதை. தொட்டில்ல பூசுவாங்க, பொம்மையில பூசுவாங்க. கேட்டா, நாங்க ஒண்ணுமே பண்ணலேம்பாங்க. ஆமான்னு எழுதிக் குடுத்த முதல் ஆள் உங்கப்பாதான்."

ஒரு பொய் என் பக்கமும் இருக்கிறது, அப்பா. கதவுக்கு வெளியே நின்று நீங்கள் பேசியதைக் கேட்டேன் என்று எழுதினேன். கேட்ட உடனே நான் உள்ளே வரவில்லை. நின்றேன். நீங்கள் குழலை எடுத்ததும் அவள் மூக்கால் ஒரு முழு மூச்சு இழுத்தாள், இரண்டு நாளில் முதல் மூச்சு. அதைக் கேட்ட பிறகுதான் உள்ளே வந்து கத்தினேன். நிறுத்த நினைத்திருந்தால் அதற்கு முன்பே வந்திருப்பேன்.

ஆகவே இது: தோரா பால் குடித்தாள். இரண்டு பக்கமும், இருபது நிமிடம், நடுவில் நிறுத்தாமல். குடித்துவிட்டு நான்கு மணி நேரம் தூங்கினாள். ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கடையில் அங்கி வாங்கவில்லை. பவுலின் அக்காவையும் கேட்கவில்லை. பவுலிடம் முதல் முறையாகக் கேட்டேன், யார் தூக்க வேண்டுமென்று.

"நீ கேட்கவே மாட்டேன்னு நினைச்சேன். உங்கப்பாதான்" என்றார்.

பாதிரியாரிடம் பெயர் கொடுத்துவிட்டேன். ஒரு நிபந்தனை. இனி என் குழந்தைக்கு எதைச் செய்வதாக இருந்தாலும், நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்ப வேண்டும். கத்துவேன். கத்தட்டும் என்று விடாதீர்கள். நின்று கேளுங்கள்.

கைக்கு வாசனை இல்லாத பன்றிக் கொழுப்பு தடவலாம் என்கிறார் ஊல்லா.

மாரென்


நோர்பி, 19 மார்ச்

அன்புள்ள மாரென்,

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். தள்ளுவண்டி சரக்குப் பெட்டியில் வருகிறது. சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டேன், போடுவதற்கு முன் எண்ணெயை முகர்ந்தேன்.

அங்கி மூன்று வாரமாகக் கடற்காற்றில் தொங்கியது. இரண்டு முறை உறைந்து பலகையாக நின்றது. விகோ முகர்ந்தான், "உப்பு வாசம்தான் அடிக்குது, கருவாடு மாதிரி" என்றான். ஐனர் முகர்ந்தான். ஐனரின் நாயும் முகர்ந்தது, எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை. இருந்தாலும் அங்கியை முதலில் உன் பால்கனியில் பிரிப்போம். நீ முகர்ந்து சொன்ன பிறகுதான் அவளுக்கு மாட்ட வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் போர்வையில் சுற்றித் தூக்குகிறேன்.

ஐனரின் மனைவி பன்றிக் கொழுப்பு ஒரு கிண்ணம் கொடுத்தாள். தடவவில்லை. ஊல்லா சொன்னாலும் சரி, ஊல்லாவின் அப்பா சொன்னாலும் சரி, ஞாயிறுவரை இந்தக் கையில் எதுவும் படாது. பிளவு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். அவள் முகம் சுளித்தால் உன்னிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். ரயில் வரும் நேரம் தோரா தூங்குகிற நேரமென்றால், நான் வாசல் மணியை அடிக்கட்டுமா, வெளியே நிற்கட்டுமா?

அப்பா